"கீழே போட்டிருப்பீங்க": விரிசல் விழுந்த ஒரு திரையும் நம் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பும்

லேப்டாப் சர்வீஸ் சென்டர்களில் சி.ஐ.டி. என்றொரு சொல் புழங்குகிறது. போலீசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ்', அதாவது வாடிக்கையாளரே உண்டாக்கிய சேதம் என்பதன் சுருக்கம். திரையில் விரிசலோடு போகிறவர்கள் மீது பெரும்பாலும் முதலில் விழும் முத்திரை இதுதான். இந்த மூன்றெழுத்து ஜாப் ஷீட்டில் ஏறிவிட்டால் வாரண்டி செத்துப்போகும். அதன்பிறகு நாம் சொல்வதெல்லாம் கதை. அவர்கள் எழுதியது மட்டும் ஆவணம்.

2025 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இந்த மூன்றெழுத்தோடு நாங்கள் மல்லுக்கட்டினோம். எங்கள் இரவுப் பாடசாலையில் படித்து, இன்று அங்கேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தங்கைக்காக. அவள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். லேப்டாப்பின் விலை 43,000 ரூபாய். அதில் 40,000 ரூபாய் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். பில் அம்மாவின் பெயரில் இருந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எந்த நிறுவனத்தின் வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தாலும் ஏறக்குறைய இதே வரிகள்தான் இருக்கும்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். வாங்கி ஏழு மாதம். டிசம்பரிலேயே மூடி இறுகத் தொடங்கியிருக்கிறது. எங்கள் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் அவள் கேட்டிருந்தாள்: "அண்ணா, மூடி திறக்க ரொம்ப இறுக்கமா இருக்கு. எண்ணெய் விடலாமா?" வேண்டாம், கொண்டுபோய்க் காட்டு என்று ஒரு தோழர் பதில் போட்டிருந்தார். செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சர்வீஸ் சென்டர் இருக்கும் நகரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் மூடியைத் திறக்கும்போது டிக் என்று ஒரு சத்தம். இடது பக்க ஹிஞ்ச், அதாவது கீல் இருக்கும் மூலையிலிருந்து ஒரு கோடு திரையில் ஏறியது. அதையொட்டி மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு.

சர்வீஸ் சென்டரில் அம்மாவும் மகளும் போய் நின்றார்கள். எங்களில் ஒருவரும் கூடப் போயிருந்தார். கவுண்டரில் இருந்த தம்பி லேப்டாப்பைத் திறந்தார், பார்த்தார், மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "கீழே போட்டிருப்பீங்க."

"போடலைங்க சார்."

"போடாம எப்படிம்மா உடையும்? வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா? எங்க வச்சிருந்த, தரையிலயா?"

ஆதார் நகலில் முகவரியைப் பார்த்தவர், "காலனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மா. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். ('காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜனவரியில் அந்தச் சொல் எங்கள் ஆதாரில் இருந்தது.)

திரையை மாற்ற 15,300 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். 2024-25இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டிருந்த கூலி நாளுக்கு 319 ரூபாய். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 48 நாள் கூலி. அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வந்தால்தான் இந்தக் கணக்கு.

ஜாப் ஷீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் ஆங்கிலத்தில் 'திரை உடைந்துள்ளது, வெளிச் சேதம், சி.ஐ.டி.' என்று இருந்தது. எங்கள் தங்கை செய்த ஒரு காரியத்தில்தான் இந்த வழக்கே நின்றது. கையெழுத்துப் போடுமுன் அதே தாளில் தமிழில் எழுதினாள்: 'கீழே விழவில்லை. திறக்கும்போது ஹிஞ்ச் பக்கத்திலிருந்து விரிசல் வந்தது. மேலே எழுதியிருப்பதை நாங்கள் ஏற்கவில்லை.' தேதி போட்டாள். அம்மா கையெழுத்திட்டார். "இதுல எல்லாம் எழுதக்கூடாது" என்று கவுண்டரில் சத்தம் போட்டார்கள். எழுதியதை அதற்குள் போட்டோவும் எடுத்துவிட்டாள்.

கவுண்டரில் இருந்த அந்தத் தம்பியைக் குற்றவாளியாக்க நாங்கள் இதை எழுதவில்லை. அவரும் ஒப்பந்தக் கூலிதான். வாரண்டியில் எத்தனை பாகம் போகிறது என்று அவருக்கு மேலே ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால், சந்தேகம் வரும்போது அதை யார் தலையில் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பேச நினைப்பது அந்த இடத்தைப் பற்றித்தான்.

*

திரும்பி வந்து பேசியபோது எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் வந்தது. மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "நாட்டுல நம்ம சனங்களுக்கு நடக்குற கொடுமைக்கு ஓடவே நமக்கு ஆள் பத்தல. இதுல லேப்டாப் திரைக்கு வழக்கா? நுகர்வோர் உரிமை எல்லாம் மிடில் கிளாஸ்காரங்க பொழுதுபோக்கு."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல முயன்றோம்.

கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவன் என்ற இடமே நமக்குப் போராடி வந்தது. காசைத் தரையில் வை, பொருளைத் தள்ளி நின்று வாங்கு என்ற காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம் தெருக்களில் உயிரோடு இருக்கிறார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, சந்தை ஆகியவற்றில் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தீண்டாமையின் பேரால் பொருள் விற்க மறுப்பதும் சேவை செய்ய மறுப்பதும் குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 6ஆம் பிரிவில் எழுத வேண்டியிருந்தது. இவ்வளவையும் எழுதிய பிறகுதான் நாம் 'வாடிக்கையாளர்' ஆனோம். கடைக்குள் விட்டுவிட்டார்கள், பில்லும் கொடுக்கிறார்கள். பொருள் கெட்டுப்போனால் நம் சொல்லை நம்புகிறார்களா என்பது அடுத்த படி.

அந்தத் தோழரிடம் இன்னொன்றும் சொன்னோம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த டிசம்பர் 24ஐத் தேசிய நுகர்வோர் நாளாக அரசு கொண்டாடுகிறது. அதற்கு மறுநாள் டிசம்பர் 25, வெண்மணி நாள். 1968இல் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட விவகாரத்தில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தச் சாம்பலையும் ஒரு லேப்டாப் திரையையும் ஒரே தராசில் வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த வழக்கின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது என்ன சொன்னது என்பது நமக்குத் தெரியும். காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. உடைமை உள்ளவர் சொல்லுக்கு நம்பிக்கை, இல்லாதவர் சொல்லுக்குச் சந்தேகம். இந்தப் பழக்கம் நீதிமன்றத்தில் இருக்கிறது, காவல் நிலையத்தில் இருக்கிறது, ரேஷன் கடையில் இருக்கிறது, ஏ.சி. போட்ட சர்வீஸ் சென்டரிலும் இருக்கிறது. பெரிய இடத்தில் அதை எதிர்க்க வேண்டுமானால் சின்ன இடத்தில் எதிர்த்துப் பழகியிருக்க வேண்டும்.

அதே நேரத்தில், சில இளம் தோழர்கள் உடனே "வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போடலாம்" என்றார்கள். கூடாது என்றோம். 'காலனியா' என்று கேட்டதும் தலையாட்டியதும் நமக்குப் புரியும். சட்டம் கேட்கும் சாட்சியம் அதுவல்ல. 1989ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கும் மிகக் கூரிய ஆயுதம். பொருந்தாத இடத்தில் அதை எடுத்தால் பொருந்தும் இடத்தில் மழுங்கிப்போகும். இங்கே பொருந்துவது நுகர்வோர் சட்டம்.

*

இனிச் சட்டத்துக்கு வருவோம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு நேர்மையான விஷயம். லேப்டாப் கையிலிருந்து விழுந்து திரை உடைந்தால் வாரண்டியில் வராது. வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு மட்டும். கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது போன்றவற்றுக்கு 'ஆக்சிடென்டல் டேமேஜ்' என்று தனித் திட்டம் விற்கிறார்கள். வாங்கும்போது அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் அதில் கேட்கலாம். விழுந்ததை விழவில்லை என்று சொல்லி வழக்குப் போடாதீர்கள். நம் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். அதனால் எங்கள் தங்கையை உட்காரவைத்து முதலில் நாங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டோம், கவுண்டரில் கேட்ட விதமாக அல்லாமல்: "சொல்லும்மா, எப்பவாவது விழுந்துச்சா? பையில எதாவது அழுத்துச்சா? கீபோர்டு மேல பேனா இருக்கும்போது மூடினியா?" இல்லை என்றாள். நம்பினோம். நம்பியதோடு நிற்காமல் பொருளையும் பார்த்தோம்.

பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன், லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நம் தம்பி ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். அடிபட்ட திரையில் பெரும்பாலும் அடி விழுந்த இடம் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து சிலந்தி வலைபோல நாலா பக்கமும் கோடுகள் ஓடும். விழுந்திருந்தால் வெளிக்கூட்டின் மூலையில் நசுங்கலோ சிராய்ப்போ இருக்கும். இதில் இரண்டும் இல்லை. கோடு ஹிஞ்ச் மூலையின் ஓரத்திலிருந்து புறப்படுகிறது. அந்த இடத்தில் திரையைச் சுற்றிய பிளாஸ்டிக் விளிம்பு எழும்பி நிற்கிறது. பல லேப்டாப்புகளில் ஹிஞ்ச்சைப் பிடித்திருக்கும் சின்னப் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கின்றன. ஹிஞ்ச் அளவுக்கு மீறி இறுகினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பிளாஸ்டிக்கை இழுக்கும். ஒருநாள் அது பிய்ந்துவிட்டால் மொத்த விசையும் திரையின் ஓரத்தில் போய்ச் சேரும். இதை அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாரண்டி முத்திரை பாழாகிவிடக் கூடாது என்பதால் திருப்புளியால் தொடவே இல்லை. எல்லாக் கோணத்திலும் போட்டோ, திறந்து மூடும்போது ஒரு வீடியோ.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'குறைபாடு' என்பதற்கு 2(10) பிரிவில் விளக்கம் இருக்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடு. ஒப்பந்தம் என்றால் எழுதியது மட்டுமில்லை, எழுதாமலே புரிந்துகொள்ளப்படுவதும் சேரும். லேப்டாப் மூடி தினமும் திறந்து மூடத்தான் இருக்கிறது. திறந்ததால் உடைந்தது என்றால் அது குறைபாடு. வாரண்டி அட்டையில் 'வெளிச் சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்று எழுதியிருப்பது, பயன்படுத்தியவர் உண்டாக்கிய சேதத்துக்கு. குறைபாடு உண்டாக்கிய சேதத்துக்கு அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது. எங்கள் வாதம் முழுவதும் இந்த மூன்று நான்கு வாக்கியங்கள்தான்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். சி.ஐ.டி. என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். அது நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்க்கும் இடம், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் அங்கே பதிந்த பிறகு எஸ்டிமேட்டில் பாதித் தள்ளுபடி தருகிறோம் என்று போன் வந்தது. 15,300 ரூபாய் 7,650 ஆனது. அம்மா கேட்டார்: "தப்பு நம்ம மேலன்னா எதுக்குப் பாதி குறைக்கிறாங்க? தப்பு அவங்க மேலன்னா எதுக்கு நாம பாதி கட்டணும்?" எங்களிடம் பதில் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம்.

மார்ச்சில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் மனு. வாங்கிய கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியிலேயே பதியலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வக்கீல் வேண்டும் என்றால், அங்கேதான் நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வருமான வரம்பு பார்க்கப்படாது. பெண்களுக்கும் அப்படியே. நீதிமன்றத்துக்கு மட்டுமில்லை, நீதிமன்றம் போன்ற அதிகாரமுள்ள ஆணையங்களுக்கும் இது பொருந்தும். சாதிச் சான்றிதழ் நகலோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வேலைக்கும் உதவித்தொகைக்கும் மட்டும் எடுத்துவைத்திருக்கும் அந்தச் சான்றிதழுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

*

நிறுவனத்தின் பதிலுரை வந்தது. நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். அந்தக் கடைசி நாட்களில்தான் தாக்கல் செய்தார்கள். மூன்று வாதங்கள். ஒன்று, வாரண்டியில் வெளிச் சேதம் சேராது. இரண்டு, டிசம்பரிலேயே இறுக்கம் தெரிந்தும் கொண்டுவரவில்லை. மூன்றாவதுதான் எங்களைச் சுட்டது: பில்லில் பெயருள்ள பெண்ணுக்குக் கணினி பயன்படுத்தத் தெரியாது, ஆகவே உடைந்தது எப்படி என்று அவர் சொல்ல முடியாது, பயன்படுத்திய பெண் வாங்கியவர் இல்லை, ஆகவே அவர் நுகர்வோரே இல்லை.

இதைத் தமிழில் படித்துக் காட்டியபோது அம்மா சிரித்தார். "கம்ப்யூட்டர் தெரியாதுதான். கடன் கட்டத் தெரியும். வாராவாரம் நான்தான கட்டுறேன்."

சட்டமும் அம்மாவின் பக்கம்தான் இருந்தது. வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2(7) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்பா வாங்கித் தந்த போன், அக்கா வாங்கித் தந்த லேப்டாப் என்று பயன்படுத்தும் மாணவர்கள் எல்லாரும் இதை நினைவில் வையுங்கள். இரண்டாவது வாதத்துக்குப் பதில் அவர்கள் கையாலேயே வந்தது. டிசம்பரில் மூடி இறுகியது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அப்படியானால் விரிசலுக்கு முன்பே ஹிஞ்ச்சில் குறை இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகிறது? வாட்ஸ்அப் செய்தியை நாங்கள் சாட்சியமாகக் கொடுத்தோம். தேதியோடு இருந்த அந்த ஒற்றைவரிக் கேள்வி எந்த நிபுணர் அறிக்கைக்கும் குறையாமல் வேலை செய்தது.

அடுத்து, பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டோம். குறைபாடு இருக்கிறதா என்பதைச் சோதிக்காமல் முடிவு செய்ய முடியாது என்றால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று 38ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரே முதலில் கட்ட வேண்டியிருக்கலாம். அதற்காகப் பாடசாலையின் பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்கு வேலை வரவில்லை. மனுப் போட்ட அடுத்த வாய்தாவில் நிறுவனத்தின் வக்கீல் சமரசம் பேச வந்தார். திரை, ஹிஞ்ச், பின்மூடி மூன்றும் இலவசமாக மாற்றித் தருவார்கள். செலவுக்கு 6,000 ரூபாய். பதிலுக்கு வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். தவறு என்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கேதான் எங்களுக்குள் இரண்டாவது விவாதம், முதலாவதைவிடக் கடினமானது. எங்களில் பலருக்குத் தீர்ப்பு வேண்டும் என்று ஆசை. 'குறைபாடு' என்று ஆணையம் எழுதிக் கொடுத்தால் அதே மாடல் வாங்கிய மற்றவர்களும் காட்டலாம். சமரசத்தில் காகிதம் எதுவும் மிஞ்சாது. சி.ஐ.டி. என்ற முத்திரை அடுத்த கவுண்டரில் அடுத்த ஆள் மீது விழத்தான் செய்யும். தங்கையோ எட்டு மாதமாகக் கல்லூரி லேபை நம்பிப் படித்துக்கொண்டிருந்தாள். மாலை கடைசிப் பஸ்ஸுக்காக ஐந்து மணிக்கு லேபை விட்டு எழுந்துவிட வேண்டும். பிராஜெக்ட் பாதியில் நின்றது. தோழர்கள் ஆவேசமாகப் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா எனக்கு டிசம்பர்ல பிராஜெக்ட் காட்டணும்."

வழக்கு அவளுடையது. மூத்த தோழர், ஆரம்பத்தில் இதெல்லாம் மிடில் கிளாஸ் வேலை என்றவர், அப்போது சொன்னார்: "இயக்கத்துக்குத் தீர்ப்பு வேணும்னா இயக்கம் தன் லேப்டாப்ப ஒடச்சுக்கட்டும். அந்தப் பொண்ணு படிப்ப வச்சு நாம பெருமை தேட வேணாம்." விவாதம் அதோடு முடிந்தது. சமரசத்தை ஏற்றோம். ஒரே ஒரு திருத்தம் கேட்டாள் தங்கை. நடந்ததை வெளியே பேசக்கூடாது என்று சமரச மனுவில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்தால்தான் அம்மா கையெழுத்துப் போடுவார் என்றாள். எடுத்தார்கள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நீதி முழுதாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம். 6,000 ரூபாயில் பஸ் செலவும் அம்மா இழந்த கூலியும் போக மிஞ்சியது மிகக் குறைவு. சட்டம் மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடைமுறையில் வாய்தா வாங்கும் வசதி பணமுள்ளவருக்குத்தான். ஒருநாள் வாய்தா என்றால் நிறுவனத்தின் வக்கீலுக்கு அது வேலைநாள், நமக்கு வேலை போன நாள். காணொலி வழியாக ஆஜராகலாம் என்ற வசதியைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

*

இந்த ஏழு மாதத்துக்குப் பிறகு எங்கள் பாடசாலையில் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஊர் மக்கள் பில் கொண்டுவருவார்கள். மிக்சி, பிரிட்ஜ், போன், பூச்சிமருந்து தெளிக்கும் பம்பு, டூ வீலர் பேட்டரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் போட்டோ எடுத்து, வாங்கிய தேதி, சீரியல் எண், வாரண்டி முடியும் நாள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், அதனால் போட்டோ கட்டாயம். பில் தராத கடைக்காரரிடம் பில் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் பகுதியில் இதுவே சில கடைகளில் முதல் சண்டையாக இருக்கிறது.

அதோடு ஒரு சின்ன ஆங்கிலப் பாடம். பிசிக்கல், ஆக்சிடென்டல், லிக்விட், டேம்பர்டு, சி.ஐ.டி. ஐந்தே சொற்கள். இந்தச் சொற்களை ஜாப் ஷீட்டில் பார்த்தால் கையெழுத்துப் போடுமுன் நிறுத்த வேண்டும். உண்மை என்றால் கையெழுத்து. உண்மையில்லை என்றால் அதே தாளில், அவர்கள் எழுதியதற்குக் கீழே, நமக்குத் தெரிந்த மொழியில், நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதித் தேதி போட வேண்டும். எழுத விடவில்லை என்றால் வாசலுக்கு வந்து அதே நிமிடம் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பொருளைக் கையிலிருந்து கொடுக்குமுன் நான்கு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இரவுப் பாடசாலையோ படிப்பகமோ மாணவர் வாசகர் வட்டமோ இருந்தால் இதைத் தொடங்குங்கள். ஒரு நோட்டும் கேமரா உள்ள ஒரு போனும் போதும். போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது வராதவர்கள்கூடப் பில்லோடு வருவார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து மற்றதையும் பேசுகிறார்கள், பட்டா வராதது, முதியோர் உதவித்தொகை நின்றது, நூறுநாள் வேலைக் கூலி பாக்கி என்று. போன மாதம் பில்லோடு வந்த ஒரு பெரியவர், எழுதி முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். சுடுகாட்டுப் பாதைக்கு 11 ஆண்டுக்கு முன் தாலுகா ஆபீசில் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு. "இதுக்கும் வாரண்டி இருக்கா தம்பி, பாருங்க" என்றார். நோட்டில் அடுத்த பக்கத்தில் அதையும் எழுதியிருக்கிறோம்.